எழுதப்படாத விதியும் எழுதப்பட்ட வரலாறும்
கன்சாஸ் சிற்றியின் பேஸ்போல் நூதனசாலை பற்றிய ஒரு நோக்கு

நூதனசாலை என்பது பழம்பொருள்களைத் திரட்டி வைக்கும் இடம் மாத்திரமன்று. எப்பொருள் பேணப்பட வேண்டும், எப்பொருள் கைவிடப்படலாம் என்ற தீர்மானத்தின் பின்னால் ஒரு வரலாற்று நோக்கு எப்போதும் தொழிற்படுகின்றது. அரசரின் வாளும் முடியும் கண்ணாடிப் பேழைக்குள் இடம்பெறுவதும், உழைப்பாளியின் கருவி துருப்பிடித்து மறைந்து போவதும் தற்செயலான நிகழ்ச்சிகளல்ல. விளையாட்டுப் பொருள்களின் நிலையும் இதுவே. ஒரு மரமட்டையோ கிழிந்த தோற் கையுறையோ வரலாற்றுச் சான்றாகும் என்பதை வரலாற்றாசிரியர் நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும், ஒரு சமுதாயம் யாரைத் தன் மைதானத்துக்குள் அனுமதித்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதை அச்சமுதாயத்தின் சட்டப் புத்தகங்களைவிட அதன் விளையாட்டு மைதானங்கள் சில வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் 1990 ஆம் ஆண்டு ஒரேயோர் அறையில் தொடங்கிய நீக்ரோ லீக் பேஸ்போல் நூதனசாலையை ஆதாரமாகக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘நீக்ரோ’ என்ற சொல் இன்று வழக்கிலிருந்து நீங்கியதாயினும், அக்கால நிறுவனங்களின் பெயர்களில் உள்ளவாறே இங்கு கையாளப்படுகின்றது.

கன்சாஸ் சிற்றி என்னும் பெயர் மயக்கந் தருவதாயினும், இந்நூதனசாலை அமைந்துள்ள நகரம் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்தது. அந்நகரின் பதினெட்டாம் வீதியும் வைன் வீதியும் சந்திக்கும் சுற்றுவட்டாரம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே கறுப்பின மக்களின் வாழ்வுக்கு மையமாய் விளங்கியது. பிற பகுதிகளில் வீடும் விடுதியும் மறுக்கப்பட்ட மக்கள் இங்கே தமக்கெனக் கடைகளையும் உணவகங்களையும் தேவாலயங்களையும் அமைத்துக்கொண்டனர். 1919 இல் ‘த கோல்’ என்ற வாரப் பத்திரிகை இந்நகரில் தோன்றியது. புகழ்பெற்ற ஜாஸ் இசைக் கலைஞரான சார்லி பாக்கர் இளமையில் இசை பயின்றதும் இந்நகரிலேயே. இன ஒதுக்கல் என்னும் கொடுமை மக்களை ஒரு வட்டத்துக்குள் நெருக்கியபோது, அந்த நெருக்கத்திலிருந்தே ஒரு தனிப் பண்பாடு கிளைத்தது. இந்த இரட்டைத்தன்மையை மனத்திற் கொள்ளாது பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

நம் நாட்டு எல்லே ஆட்டத்தைக் கண்டவர்க்குப் பேஸ்போலின் அடிப்படையை விளக்குவது எளிது. வீசப்படும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு, குறித்த தளங்களைத் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கு மீள்வதே ஓர் ஓட்டமாகும். உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலத்தில் இவ்வாட்டம் அமெரிக்காவின் தேசிய ஆட்டம் என்ற நிலையை எய்தியது. தேசம் என்பதனுள் யார் அடங்குவர் என்ற வினா ஆட்டத்துக்குள்ளும் நுழைந்தமை வியப்பன்று. 1884 இல் மோசஸ் பிளீற்வூட் வோக்கர் என்ற கறுப்பினத்தவர் ரொலிடோ அணிக்காகப் பெரிய லீக் ஒன்றில் ஆடினார். மூன்றாண்டுகளின் பின், 1887 இல், சர்வதேச லீக் என்ற சிறிய லீக்கின் நிருவாகிகள் கறுப்பினத்தவருடன் இனிமேல் ஒப்பந்தஞ் செய்வதில்லை என வாக்களித்துத் தீர்மானித்தனர். ஏனைய லீக்குகள் அத்தகைய தீர்மானத்தை எழுதிவைக்கவில்லை, எழுதாமலே கடைப்பிடித்தன. ‘கனவான்கள் உடன்பாடு’ எனப் பின்னர் பெயர்பெற்ற இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது.

வரலாற்று மாணவர் இவ்விடத்திலே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். எழுதப்பட்ட சட்டத்தை ஆவணங்கொண்டு நிறுவலாம். எழுதப்படாத விதியை எவ்வாறு நிறுவுவது? பேஸ்போலின் ஆணையாளராய் அதிகாரஞ் செலுத்திய நீதிபதி லண்டிஸ், கறுப்பினத்தவரைத் தடுக்கும் விதியெதுவும் இல்லையென 1942 இல் வெளிப்படையாகவே அறிவித்தார். விதிப்புத்தகத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பவர் அவர் கூற்றை மறுக்க முடியாது. ஆனால், அந்த ஆண்டிலே பெரிய லீக்குகளின் பதினாறு அணிகளில் ஒரு கறுப்பினத்தவரேனும் இருக்கவில்லை. ஆவணத்தின் மௌனமே இங்கு சான்றாகின்றது. அதிகாரம் தன் செயல்களுக்குச் சுவடு விடாதிருக்க விரும்பும் வேளைகளில், அச்செயல்களின் விளைவுகளைக் கொண்டே அவற்றை அறிதல் வேண்டும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

வெளியே நிறுத்தப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. ரெக்சாஸ் மாநிலத்தில் 1879 இல் பிறந்த அன்ட்றூ ‘றூப்’ பொஸ்ரர் சிறந்த பந்து வீச்சாளராய் விளங்கிப் பின்னர் சிக்காகோ அமெரிக்கன் ஜயன்ற்ஸ் என்னும் அணியை நிறுவினார். அக்காலத்துக் கறுப்பின அணிகள் ஊரூராய்ச் சென்று கிடைத்த இடத்தில் ஆடின. மைதானங்களும் ஆட்ட ஒழுங்குகளும் பெரும்பாலும் வெள்ளையினத் தரகர்களின் கையில் இருந்தமையால் வருமானத்தின் பெரும்பகுதி வெளியே சென்றது. இப்பொருளாதாரப் பிணைப்பை அறுப்பதற்கு ஒழுங்கமைந்த லீக் ஒன்று வேண்டும் எனப் பொஸ்ரர் கருதினார். 1920 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆம் திகதி கன்சாஸ் சிற்றியின் பசேயோ வீதியிலுள்ள இளங் கிறித்தவர் சங்கக் கட்டடத்தில் அணி உரிமையாளர்கள் கூடினர். எட்டு அணிகளைக் கொண்ட நீக்ரோ தேசிய லீக் அங்கே பிறந்தது. அக்கட்டடம் 1914 இல் கறுப்பின மக்களின் பயன்பாட்டுக்கென அமைக்கப்பட்டது. ஆகவே, ஒதுக்கப்பட்டோர் தமக்கெனப் பெற்ற ஒரு கட்டடத்தினுள்ளேயே தமக்குரிய பிறிதொரு நிறுவனத்தையும் தோற்றுவித்தனர் எனலாம். அதன் சுமை பொஸ்ரரைத் தாக்கியது. 1926 இல் மனநோய்க்காளாகி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட அவர் 1930 இல் அங்கேயே காலமானார்.

கன்சாஸ் சிற்றியின் சொந்த அணி மொனாக்ஸ் எனப்பட்டது. அதன் உரிமையாளரான வில்கின்சன் லீக்கைத் தோற்றுவித்த உரிமையாளருள் ஒரேயொரு வெள்ளையினத்தவர். கறுப்பின முதலீட்டை வளர்க்க முனைந்த இயக்கம் அவரையும் ஏற்றுக்கொண்டமை, வரலாறு கொள்கை வாய்பாடுகளுக்குள் முழுதும் அடங்குவதில்லை என்பதை உணர்த்துகின்றது. 1924 இல் நடைபெற்ற முதலாவது நீக்ரோ உலகத் தொடரில் மொனாக்ஸ் அணி பென்சில்வேனியாவின் ஹில்டேல் அணியைப் பத்து ஆட்டங்களில் வென்றது. 1930 இல் வில்கின்சன் பார வண்டிகளில் ஏற்றிச் செல்லக்கூடிய மின்விளக்குக் கம்பங்களை அமைத்து இரவு ஆட்டங்களை நடத்தினார். பெரிய லீக்குகளின் முதலாவது இரவு ஆட்டம் சின்சினாற்றியில் நடைபெற்றது 1935 இலேயே. பொருளாதார மந்தத்தின் கடுமையிலே, பகலில் வேலை செய்தோரும் வேலை தேடியோரும் இரவில் ஆட்டம் பார்க்க வந்தனர். விளக்கு அணியைக் காப்பாற்றியது. தேவையே புதுமைக்குத் தாய் என்பதற்கு இஃதொரு சான்று. மொனாக்ஸ் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயங்கள் ஆராதனையை ஒரு மணி முன்னதாகவே தொடங்கின என்றும், மக்கள் ஆராதனைக்குரிய ஆடையுடனேயே மைதானத்துக்குச் சென்றனர் என்றும் முதியோர் கூறிவந்தனர்.

மைதானத்தின் பெருமை வீதிக்குத் தொடரவில்லை. ஆயிரம் பேர் கைதட்டிய ஊரிலேயே ஆட்டக்காரருக்கு உணவகத்தின் கதவு மூடப்பட்டது. பல இரவுகள் பேருந்திலேயே கழிந்தன. இதனோடு தொடர்புடைய நிகழ்ச்சியொன்றை, மொனாக்ஸ் அணியில் 1938 முதல் ஆடிப் பின்னர் அதன் முகாமையாளராகிய பக் ஓநீல் பலமுறை எடுத்துரைத்துள்ளார். 1945 இல் அணியின் பேருந்து ஒக்லகோமா மாநிலத்தில் வழக்கமான ஓர் எரிபொருள் நிலையத்தில் நின்றது. புதிதாய்ச் சேர்ந்த ஜக்கி றொபின்சன் கழிப்பறைக்குச் செல்ல முற்பட, உரிமையாளர் தடுத்தார். அவ்வாறாயின் எரிபொருட் குழாயை வெளியே எடுக்குமாறு றொபின்சன் கூறினார். பேருந்தின் பெரிய தாங்கிகளை நிரப்பும் வருமானத்தை இழக்க விரும்பாத உரிமையாளர் வழிவிட்டார். அன்றிலிருந்து, கழிப்பறைக்கு அனுமதியில்லாத இடத்தில் எரிபொருள் வாங்குவதில்லை என அணியினர் முடிவு செய்தனராம். ஆண்டாண்டாய் அதே வழியாற் சென்றவர்கள் பழகிப்போன இழிவை, புதிதாய் வந்த ஒருவர் இழிவென அடையாளங் கண்டார் என்பதே இக்கதையின் உட்பொருள். ஓநீல் இதனைத் தம் அணியின் மீதான மென்மையான குற்றச்சாட்டாகவும் கூறினார் போலும்.

அவ்வாண்டின் முடிவுக்குள் புறூக்ளின் டொட்ஜேர்ஸ் அணியின் தலைவர் பிரான்ச் றிக்கி றொபின்சனுடன் ஒப்பந்தஞ் செய்தார். 1946 இல் மொன்றியலில் ஆடிய றொபின்சன், 1947 ஏப்ரல் 15 ஆம் திகதி பெரிய லீக் மைதானத்தில் இறங்கினார். எழுதப்படாத விதி அன்று உடைந்தது. இந்நாளை வெற்றியின் நாளாகக் கொள்வது பொருத்தமே. ஆயின், அதன் மறுபக்கமும் நோக்கற்பாலது. றொபின்சனுக்காக மொனாக்ஸ் அணிக்கு றிக்கி எவ்வித ஈடும் வழங்கவில்லை. நியூவார்க் ஈகிள்ஸ் அணியை நிருவகித்த எபா மான்லி என்ற பெண்மணி தம் ஆட்டக்காரர் லறி டோபியை 1947 இல் கிளீவ்லாந்து அணிக்கு விடும்போது ஈடு கோரிப் பெற்றார். அத்தொகையும் 15,000 டொலர் மாத்திரமே. மக்கள் தம் வீரரைப் பெரிய மைதானங்களிற் காணச் சென்றமையால் பழைய மைதானங்கள் வெறிச்சோடின. 1948 இன் முடிவில் நீக்ரோ தேசிய லீக் கலைந்தது. 1955 இல் பெரிய லீக் அணியொன்று கன்சாஸ் சிற்றிக்கு இடம்பெயர்ந்து வந்தது. மொனாக்ஸ் அணி விற்கப்பட்டு நகரைவிட்டு நீங்கியது. ஆட்டக்காரருட் சிலருக்கே புதிய கதவு திறந்தது. அணி உரிமையாளர், முகாமையாளர், நடுவர், பயணச்சீட்டு விற்றோர், அணியினரை நம்பி விடுதி நடத்தியோர் ஆகியோருக்கு அக்கதவு திறக்கவில்லை. ஒருங்கிணைப்பு என்பது ஒரு சமூகத்தின் நிறுவனங்களை மற்றொரு சமூகத்தின் நிறுவனங்களோடு சமமாக இணைத்ததன்று. ஒன்றின் சிறந்த மனிதரை மற்றொன்று எடுத்துக்கொண்டதே என்ற முடிவைத் தவிர்த்தல் கடினம்.

அதன்பின் மறதி சூழ்ந்தது. இம்மறதியின் தன்மையை விளங்குவதற்கு, பேஸ்போலின் மிகப் பெரிய நினைவாலயமான கூப்பஸ்ரவுண் புகழ் மண்டபத்தை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1839 இல் அப்னர் டபிள்டே என்பவர் நியூயோர்க் மாநிலத்தின் கூப்பஸ்ரவுண் கிராமத்தில் இவ்வாட்டத்தைக் கண்டுபிடித்தார் என 1907 இல் ஒரு குழு முடிவு செய்தது. முதியவர் ஒருவரின் கடிதமே அதற்கு ஆதாரம். 1839 இல் டபிள்டே வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் மாணவராய் இருந்தார். தாம் ஆட்டத்தைக் கண்டுபிடித்ததாக அவர் என்றுமே உரிமை கோரியதில்லை. எனினும், அக்கதையின் நூற்றாண்டாகக் கொள்ளப்பட்ட 1939 இல் புகழ் மண்டபம் அக்கிராமத்திலேயே திறக்கப்பட்டது. நிகழாத ஒன்றுக்கு மண்டபம் எழுந்தது. நிகழ்ந்தவற்றுக்கு ஓர் அறையும் இருக்கவில்லை. 1970 இல் றொபேட் பீற்றேர்சன் எழுதிய நூல் இம்மௌனத்தைக் கலைத்தது. மறு ஆண்டிலே பெரும் பந்து வீச்சாளரான சச்சல் பேஜ் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். ஆனால், நீக்ரோ லீக்கினருக்குத் தனியான பகுதி ஒதுக்கப்படும் என முதலில் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கல் மைதானத்தில் முடிந்தும் நினைவிலே தொடர்ந்தது. பொதுமக்களின் கண்டனத்தின் பின்னரே அவ்வேற்பாடு கைவிடப்பட்டது.

இப்பின்னணியிலேதான் 1990 இல் பக் ஓநீலும் வேறு சில முன்னாள் ஆட்டக்காரரும் உள்ளூர் வரலாற்றார்வலரும் பதினெட்டாம் வீதியில் ஓர் அறையை வாடகைக்குப் பெற்றனர். அறையின் மாத வாடகையை அவர்கள் முறைவைத்துத் தாமே செலுத்தினர் எனக் கூறப்படுகின்றது. 1997 இல் அமெரிக்க ஜாஸ் நூதனசாலையும் அமைந்துள்ள புதிய கட்டடத்துக்கு அது மாறியது. பேழைகளைவிட அதன் அமைப்பே கருத்தூன்றி நோக்கத்தக்கது. உள்ளே நுழையும் பார்வையாளர் முதலிற் காண்பது ஒரு சிறு பேஸ்போல் மைதானம். ஆளுயர வெண்கலச் சிலைகளாகப் பத்து வீரர்கள் தத்தம் இடங்களில் நிற்கின்றனர்: பந்து வீசும் மேட்டில் சச்சல் பேஜ், அவருக்கெதிரே பந்தைப் பிடிக்க அமர்ந்த நிலையில் ஜோஷ் கிப்சன், நடுக்களத்தில் ஓஸ்கார் சாள்ஸ்ரன். ஆனால், பார்வையாளருக்கும் மைதானத்துக்கும் இடையே கம்பி வலையொன்று உண்டு. பார்க்கலாம், நுழைய இயலாது. மைதானத்தைச் சுற்றிச் செல்லும் வழியிலே புகைப்படங்களையும் சீருடைகளையும் ஆட்ட விளம்பரங்களையும் ஆண்டு வரிசையிற் கண்டு முடித்த பின்னரே வாயில் திறக்கின்றது. அப்போது அவர் அவ்வீரர்களின் நடுவே நடக்கலாம். வரலாற்றை அறியாது மைதானத்துக்குள் செல்ல வழியில்லை என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகின்றது. கிப்சனுக்காகவும் சாள்ஸ்ரனுக்காகவும் பெரிய லீக்கின் வாயில் ஒருபோதும் திறந்ததில்லை என்பதைப் பார்வையாளர் அவ்வேளையிலே தம் கால்களால் உணர்கின்றார்.

இந்நூதனசாலை எழுப்பிய வினா எண்களின் உலகையும் எட்டியது. பேஸ்போல் எண்களால் வாழும் ஆட்டம். நீக்ரோ லீக்குகளுக்கு முறையான பதிவேடுகள் இருந்ததில்லை என்பதே அவற்றின் சாதனைகளை மறுப்பதற்கு நெடுங்காலம் கூறப்பட்ட காரணம். பல ஆய்வாளர் ஊதியமின்றியே ‘சிக்காகோ டிபெண்டர்’, ‘பிற்ஸ்பேர்க் கூரியர்’, ‘த கோல்’ முதலிய கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் துருவி, ஆட்டம் ஆட்டமாய்ப் புள்ளிவிவரங்களைத் திரட்டினர். 1920 முதல் 1948 வரை ஆடிய ஏழு லீக்குகளும் பெரிய லீக்குகளே என 2020 டிசெம்பரில் மேஜர் லீக் பேஸ்போல் நிருவாகம் ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத்தில் அவற்றின் எண்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அதுவரை 0.367 என்ற துடுப்பாட்டச் சராசரியுடன் முதலிடம் வகித்த ரை கொப், 0.372 சராசரி பெற்ற ஜோஷ் கிப்சனுக்கு இடம்விட்டார். கிப்சன் 1947 ஜனவரியில், றொபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களின் முன்னரே, 35 ஆவது வயதிற் காலமானவர்.

எனினும், எண்களும் முழுமையானவையல்ல. திரட்டப்பட்டவை அக்காலப் பதிவுகளின் ஏறத்தாழ முக்காற் பங்கே என மதிப்பிடப்படுகின்றது. கிப்சன் எண்ணூறுக்கு அண்மித்த ஹோம் ரன்களை அடித்தார் என்று புகழ் மண்டபத்தின் 1972 ஆம் ஆண்டுப் பலகை கூறுகின்றது. அதிகாரபூர்வப் பதிவேட்டில் உள்ளவையோ இருநூறுக்குக் குறைவானவை. இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு செய்தல் அவசரமாகும். லீக் ஆட்டங்கள் ஆண்டொன்றுக்குச் சிலவாகவே இருந்தன. அணிகள் பிழைப்புக்காக ஊரூராய் ஆடிய ஆட்டங்களே பல. பதிவேடு முன்னவற்றை மட்டும் எண்ணுகின்றது. மக்களின் நினைவு இரண்டையும் எண்ணியது. நினைவு மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால், பதிவேட்டின் எல்லையை வாழ்க்கையின் எல்லையாகக் கொள்பவர், அந்த எல்லையை வகுத்தவரின் தீர்ப்பையே மறுபடியும் எழுதுபவராவார். வாய்மொழிச் சான்றையும் எழுத்துச் சான்றையும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்காது, ஒன்றினால் மற்றொன்றை விளக்குதலே ஆய்வாளனின் கடமையாகும்.

அங்கீகாரம் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். 2020 இன் அறிவிப்பு நீக்ரோ லீக்குகளை உயர்த்திவிட்டது எனச் சிலர் எழுதினர். ஆராய்ந்து நோக்கின், உயர்ந்தது பதிவேட்டின் நேர்மையே. கிப்சன் அடித்த பந்து 1943 இலேயே எல்லை கடந்துவிட்டது. அதனைக் கணக்கிற் கொள்ளாதிருந்தோரே எண்பது ஆண்டுகள் பின்தங்கினர். அறையொன்றுக்கு வாடகை செலுத்திய முதிய ஆட்டக்காரர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பிறர் அழைக்கும்வரை காத்திராது, தம் வரலாற்றைத் தாமே பேணத் தொடங்கியமையே அவர்களின் செயலின் சிறப்பு. பொஸ்ரர் 1920 இல் ஆடுகளத்துக்காகச் செய்ததை அவர்கள் 1990 இல் நினைவுக்காகச் செய்தனர்.

ஓநீலின் வாழ்க்கையே இதற்கு முடிவுரையாய் அமைகின்றது. புளோரிடாவிலே பிறந்து, சரசோற்றா நகரில் இன ஒதுக்கல் காரணமாக உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல இயலாது வயலில் உழைத்த அவர், 1962 இல் பெரிய லீக்கின் முதலாவது கறுப்பினப் பயிற்றுநரானார். 2006 இல் நீக்ரோ லீக்குகளைச் சேர்ந்த பதினேழு பேரைப் புகழ் மண்டபத்துக்குத் தெரிவு செய்த சிறப்புக் குழு அவரைத் தெரியவில்லை. மான்லி உட்பட அப்பதினேழு பேருள் ஒருவரேனும் அப்போது உயிருடன் இல்லை. அவர்களுக்காக விழாவில் உரையாற்ற ஒருவர் வேண்டியிருந்தது. தாம் விடப்பட்ட மேடையிலே, 94 வயதில், அவர்கள் சார்பில் மகிழ்ச்சியுடன் பேசியவர் ஓநீலே. அதே ஆண்டு ஒக்ரோபரில் அவர் காலமானார். புகழ் மண்டபம் அவரை ஏற்றது 2022 இல்.

கன்சாஸ் சிற்றி நூதனசாலையில் அவருக்கும் ஒரு வெண்கலச் சிலை உண்டு. அது பத்து வீரர்களின் நடுவே இல்லை. கம்பி வலைக்கு இப்பால் நின்று மைதானத்தை நோக்கிக்கொண்டிருக்கின்றது. அவ்வழியாற் செல்லும் ஒவ்வொருவரும் சிறிது நேரம் அவருக்கு அருகில் நின்று, அவர் பார்ப்பதையே பார்க்க நேர்கின்றது. வரலாறு கற்போர்க்கு வேண்டிய முதற் பயிற்சியும் அதுவே.